எச்சில் தோட்டம்

எல்லாரும் பூவைத்தான் கஷ்டம் என்று நினைக்கிறார்கள். பூவில் ஒன்றுமே இல்லை. ஒரு பீடி பிடிக்கிற நேரத்தில் ரோஜாப்பூ செய்துவிடுவேன், அதுவும் பேசிக்கொண்டே. கஷ்டம் என்றால் முருங்கை இலைதான். ஒரு காம்பிலிருந்து நாலு காம்பு பிரியும், நாலிலிருந்து எட்டு பிரியும், எட்டிலும் எதிரெதிராகக் கசகசா அளவுக்கு இலை ஒட்டவேண்டும். கட்டைவிரல் உயரத்தில் ஒரு முருங்கை மரம் நிற்க ஆயிரத்து எண்ணூறு இலை பிடிக்கும். கை வலிக்கிறதே என்று ஆயிரத்தைந்நூறோடு நிறுத்தினால் அது மரமாக இருக்காது, மரத்துக்கு வந்த நோயாக இருக்கும்.

ஏட்டையா, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். முருங்கைக்கு மராத்தியில் ஷேவ்கா என்று பெயர். சப்-இன்ஸ்பெக்டர் சாகேப் படிக்கும்போது இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிவிடக் கூடாது. விஷயம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. பிரம்மநாயகம் அண்ணாச்சி செத்துப்போனது இதற்கு அப்புறம் வருகிற சின்ன விஷயம்.

என் பெயர் சங்கரநாராயணன். வயது நாற்பத்தாறு. வீடு வடாலாவில். மாட்டுங்காவில் ஒரு பார்சி டாக்டரின் பல் வைத்தியசாலையில் பத்தொன்பது வருஷமாக மெக்கானிக். மெக்கானிக் என்றதும் நீங்கள் என் நகத்தைப் பார்த்தீர்கள். அங்கே கிரீஸ் இருக்காது. முன்னறையில் டாக்டர் பல்லைப் பிடுங்குவார். பின்னறையில் உட்கார்ந்து மாற்றுப்பல் செய்கிறவன் நான். குணமானவர்கள் தீபாவளிக்கு டாக்டருக்கு ஸ்வீட் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர்கள் வீட்டில் அதே ஸ்வீட்டைக் கடிப்பது என் பல்லால்.

நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். மனச்சாட்சி உறுத்தியது என்று எழுதிவிடாதீர்கள், அது பொய்யாகிவிடும். நான் வந்தது இரங்கல் மலரைப் படித்துவிட்டு. அண்ணாச்சிக்காகக் கொலுப் போட்டிக் கமிட்டி ஒரு மலர் போட்டிருக்கிறது. அதில் ஏழாம் பக்கத்தில் செயலாளர் கிட்டு எழுதியிருக்கிறார்: “அறுபத்தோரு வயதிலும் ஒரு பல்கூட விழாத திருவாய்! வேப்பங்குச்சியும் இயற்கை அன்னையும் தந்த முத்துப் பற்கள்!” ஆச்சரியக்குறிகள் அவருடையவை.

இயற்கை அன்னை தரவில்லை. மேல்வரிசையில் இடப்பக்கம் மூன்று பல் நான் தந்தது. பக்கத்துப் பல்லில் இருந்த வெற்றிலைக் கறையைக்கூட ஒத்துப்பார்த்து என் பல்லிலும் ஏற்றியிருந்தேன். ஏழு வருஷம் ஒரே வீட்டில் இருந்த மருமகளுக்கு அது தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமை அண்ணாச்சியின் இலாகா, நான் அதில் தலையிடுவதில்லை. ஆனால் அச்சில் வந்த தப்பைத் திருத்தாமல் விடுவது சரியில்லை. அதற்காக வந்தேன். வந்த இடத்தில் நீங்கள், “அப்ப அந்தப் பல்லு இப்ப எங்க?” என்று கேட்டீர்கள். கேட்டதால் மற்றதையும் சொல்கிறேன்.

பல்செட்டில் பல்லைத் தாங்கிப் பிடிக்கிற ஈறு இருக்கிறதே, அது ஒரு பொடியும் ஒரு திரவமும் கலந்த மாவு. கண்ணாடிக் கிண்ணத்தில் கலந்து மூடி வைத்தால் முதலில் ஈர மணல் மாதிரி இருக்கும். அப்புறம் கம்பிப் பதத்துப் பாகு மாதிரி நூல் இழுக்கும். அப்புறம் கொழுக்கட்டை மாவுப் பதம். அந்தப் பதம் ஏழெட்டு நிமிஷம் நிற்கும். செய்ய வேண்டியதை அதற்குள் செய்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் ரப்பர், அதையும் தாண்டினால் கல். ஒவ்வொரு வாய்க்கும் கலக்கும்போது ஒரு நெல்லிக்காய் அளவு மாவு மிஞ்சும். எல்லா மெக்கானிக்கும் அதைத் தூக்கி எறிவார்கள். நான் எறியவில்லை. ஒருநாள் சும்மா ஒரு தாமரை பிடித்தேன். ஈறின் ரோஜா நிறம் தாமரைக்கு என்றே செய்தது மாதிரி இருந்தது. அப்படித்தான் ஆரம்பம்.

பிறகு நிறமில்லாத பொடி வாங்கினேன். மாஹிமில் உதுமான் பாய் சாயக்கடையில் பச்சையில் மட்டும் ஒன்பது தினுசு உண்டு. தளிருக்கு ஒரு பச்சை, முற்றின இலைக்கு ஒன்று, புழு அரித்த ஓரத்துக்கு ஒன்று. மூன்று வருஷத்தில் ஒரு தாம்பாளம் நிறையத் தோட்டம் சேர்ந்தது. காற்றில் கிழிந்த இலையோடு வாழை, பந்தல் போட்ட பாகல், கடுகளவு காய் தொங்குகிற கத்தரி, மாடத்தில் துளசி. நடுவில் முருங்கை.

என் மனைவி ஆவுடையம்மாள் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இந்தப் பூங்காவ மட்டும் கொலுவுல வச்சோம்னா, மாட்டுங்காக்காரிய மூஞ்சிய எங்க கொண்டு வப்பாளுக?”

கொலுவில் பூங்கா என்று ஒன்று வைப்பார்கள். தட்டில் மண் பரப்பி, கடுகும் கேழ்வரகும் தூவி முளைக்க விடுவது. நாலாம் நாள் முளை முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து வெள்ளத்தில் போன வயலாகிவிடும். ஒரு நாற்றமும் எழும்பும். அதைச் சுண்டல் வாசனை என்று எல்லாரும் பெருந்தன்மையாக எடுத்துக்கொள்வார்கள். எங்கள் பூங்கா சாயாது, நாறாது. வடாலாவிலிருந்து யாரும் கமிட்டியின் கொலுப் போட்டியில் பரிசு வாங்கியதில்லை. ஆவுடையம்மாள் பெயர் கொடுத்தாள். கட்டடத்தில் இருக்கிற முப்பத்திரண்டு குடித்தனத்துக்கும் சொல்லிவைத்தாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் நடுவர் டாக்ஸியில் வந்து இறங்கினார். பிரம்மநாயகம் அண்ணாச்சியைப் பற்றி உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பட்டு ஜிப்பா, தோளில் நேரியல், பஸ் ஸ்டாப்பில் நின்றால்கூட எதிரே மைக் இருப்பது மாதிரியான குரல். பதினோரு சங்கங்களுக்குத் தலைவர். அதில் ஏழு சங்கங்களில் தலைவரைத் தவிர வேறு ஆளே கிடையாது என்று பேசிக்கொள்வார்கள். அது மிகை. ஆறுதான். கூடவே கிட்டு, கையில் மார்க் போடுகிற நோட்டோடு.

படிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அண்ணாச்சி நேராகத் தோட்டத்தின் முன்னால் குனிந்தார்.

“கிட்டு, பாத்தீராவே? இது ஜப்பான்காரன் வித்தையாக்கும். வேர நறுக்கி நறுக்கி மரத்த வளரவிடாம அடக்கிப்போடுவான். பொறும வேணும், தபசு வேணும். நான் கல்கத்தாவுல ஒரு மாநாட்டுல இதப் பத்தி ஒண்ணேகால் மணி நேரம் பேசியிருக்கேன்.”

எங்கள் வீட்டில் பத்து நிமிஷத்தோடு முடித்துக்கொண்டார். பிறகு முருங்கையை உற்றுப் பார்த்து, “ஆவுடையம்மா, வேளாவேளைக்குத் தண்ணி ஊத்துதியா இல்லியா? பயபுள்ள வாடி நிக்கானே” என்று, பக்கத்தில் இருந்த செம்பை எடுத்துச் சரித்தார். தண்ணீர் முருங்கை மேல் முத்து முத்தாக உருண்டு, துளசி மாடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, தாம்பாள விளிம்பைத் தாண்டி அவருடைய ஜிப்பாவிலேயே போய்ச் சேர்ந்தது.

“அண்ணாச்சி, அது வாடாதுங்க. எங்க வீட்டுக்காரங்க கையால செஞ்சது” என்றாள் ஆவுடையம்மாள்.

“அடடா, நிஜச் செடி இல்லையா?” என்றார் கிட்டு. “நான்கூடக் கொஞ்சம் முன்னாடிதான் ஒரு இலையைக் கிள்ளி மோந்து பாக்கலாமான்னு நெனச்சேன்.”

சுண்டலுக்கு உட்கார்ந்திருந்த பெண்களில் நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று அண்ணாச்சி பிற்பாடு சொன்னாராம். உதடு விரிவதெல்லாம் சிரிப்பு ஆகாது. என் தொழிலில் அது பாலபாடம்.

அண்ணாச்சி ஜிப்பாவைத் துடைத்தபடி, “எதுல செஞ்சது?” என்று கேட்டார்.

“பல்செட்டு செய்வாங்கல்லா, அந்த மாவுங்க” என்றாள் ஆவுடையம்மாள்.

அவர் இரண்டடி பின்னால் போனார். செம்பைத் தொட்ட கையை நேரியலில் துடைத்தார். “பல்செட்டா? கண்டவன் வாய்க்குள்ள கெடக்குத சாமானையா அம்பாளுக்கு முன்னால பரத்தி வச்சிருக்கீக?”

“ஐயோ, இல்ல அண்ணாச்சி. புது மாவு. ஒருத்தர் வாயிலயும் போகல.”

“போகலம்மா, ஒத்துக்கிடுதேன். ஆனா போறதுக்குன்னே பொறந்த மாவுதான அது? எச்சி எச்சிதான். மஞ்சத்தண்ணி தெளிச்சிப் படிய மறுபடி அடுக்கு. கிட்டு, இந்த வீட்ட அடிச்சிரும்.”

கிட்டு நோட்டில் கோடு போட்டார். பெண்கள் கையில் இருந்த சுண்டல் பொட்டலங்களை ஒவ்வொருத்தியாகக் கீழே வைத்தார்கள். பக்கத்து ரூம் ஆறுமுகத்தாய் ஏற்கெனவே சாப்பிட்டு முடித்திருந்தாள். எழுந்துபோய்க் குழாயடியில் வாய் கொப்பளித்தாள். ரொம்ப நேரம் கொப்பளித்தாள்.

அண்ணாச்சி இதை எந்த வாயால் சொன்னார் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். எச்சில் என்று சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி எழும்ப வேண்டும். அவருக்கு அந்த இடத்தில் அண்ணம் இல்லை, என் தகடு இருந்தது. அதே டப்பாப் பொடி, அதே புட்டித் திரவம். ஏழு வருஷமாக அந்த மாவை வாய்க்குள் வைத்துக்கொண்டுதான் தேவாரம் பாடினார், மூன்று கல்யாணத்தில் ஆசீர்வாதம் செய்தார், எங்கள் மாவுக்குத் தீட்டும் சொன்னார்.

ஒரு வாக்கியம் போதும் எனக்கு. நான் சொல்லவில்லை. ஒருவர் வாய்க்குள் இருப்பதை வெளியே சொல்வது எங்கள் தொழிலில் கிடையாது. மாட்டுங்காவில் எத்தனை பெரிய மனிதர்களின் சிரிப்பு என் டிராயரிலிருந்து போனது தெரியுமா? ஒருவர் பெயர்கூட என் வாயிலிருந்து வந்ததில்லை.

அவர்கள் போன பிறகு ஆவுடையம்மாள் கேட்டாள்: “ஒங்க வாயில என்ன, கொழுக்கட்டையா இருந்துச்சி? ஒரு வார்த்த பேசக்கூடாதா?” பிறகு தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்பக்கக் கேலரியிலிருந்து குப்பைத்தொட்டியில் கவிழ்த்தாள். மூன்று வருஷம் ஒரு நொடியில் போய்ச் சேர்ந்தது. கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். நான் போவதற்குள் ஒரு காக்கா முருங்கை மரத்தைக் கவ்விக்கொண்டு பறந்துவிட்டது. காக்கா எச்சில் பார்ப்பதில்லை.

அன்றைக்கே அவள் படிகளைப் பிரித்து, பொம்மைகளைப் பெட்டியில் போட்டாள். நவராத்திரி நடுவில் கொலுவை எடுத்த வீடு என்று அதற்கும் ஒரு பேச்சு வந்தது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் கை நனைக்கவில்லை. ஆறுமுகத்தாய் இருபது வருஷமாக எங்கள் உறைமோரில் தயிர் தோய்க்கிறவள். அவள் வேறு வீட்டுக்குக் கிண்ணத்தோடு போனாள். ஆவுடையம்மாள் குழாயடிக்கு எல்லாரும் போய்விட்டு வந்த பிறகு போக ஆரம்பித்தாள். என்னோடு பேச்சையும் நிறுத்திவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்கிறீர்கள். வரவில்லை. கோபம் வந்தால் கை நடுங்கும். என் கை நடுங்கவில்லை என்பதற்கு அதற்கடுத்த வாரம் நான் செய்த வேலையே சாட்சி.

விஜயதசமி கழிந்து இரண்டாம் நாள், டாக்டர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற நேரம், அண்ணாச்சி பின்வாசல் வழியாக வந்தார். எப்போதும் அப்படித்தான் வருவார். ஸ்டூலில் உட்கார்ந்து, கைக்குட்டையால் மறைத்து, பல்லைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பல் இல்லாதபோது அந்தக் குரலில் பாதி போய்விடும். மீதி ஒரு சாதாரண மனிதருடைய குரல், கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

“வே, அன்னைக்கு நான் சொன்னத மனசுல வச்சுக்கிடாதீரும். பொதுவாழ்க்கைன்னா நாலு வார்த்த கண்டிப்பாப் பேசத்தான் வேண்டியிருக்கு.”

“நான் ஒண்ணும் வச்சுக்கிடல அண்ணாச்சி.”

“அதான். நீரு நம்ம ஆளு. ஞாயித்துக்கெழம பரிசளிப்பு விழா. நான் இயற்கை வாழ்வப் பத்திப் பேசுதேன். போட்டோ எடுக்க ஆளு வாரான். போன தடவ எடுத்ததுல இந்தக் கம்பி பளிச்சுன்னு விழுந்திருக்குவே. கொசுன்னு சொல்லிச் சமாளிச்சேன். அத எடுத்துரும்.”

பக்கத்துப் பல்லைப் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் எஃகுக் கம்பியில் கொக்கி வைத்திருப்போம். அதைத்தான் சொன்னார்.

“கொக்கிய எடுத்தா நிக்காது அண்ணாச்சி.”

“நிக்க வைக்கத்தான நீரு இருக்கீரு? கசகசா சைசுல எல பண்ணுதீரு, இது பெரிய காரியமா?”

தோட்டத்தைப் பற்றி அவர் நல்லதாகச் சொன்னது அது ஒன்றுதான். இரண்டு மணி நேரம் கழித்து வரச் சொன்னேன்.

பழைய தகட்டிலிருந்து மூன்று பல்லையும் எடுத்து, புது மாவு கலந்தேன். இந்த மாதிரித் தகட்டை அண்ணத்தின் குறுக்கே அகலமாகப் போட வேண்டும். அகலமாக இருந்தால் இறுக்கிப் பிடிக்கும், தப்பித்தவறிக் கழன்றாலும் தொண்டைக்குள் போகாது. எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான். நான் அதைக் கொட்டைப்பாக்கு அளவுக்குச் செய்தேன். ஏன் என்று கேட்டால், என் கை சின்னதாகச் செய்து பழகிய கை. பேச்சுக்கு நடுவில் அது கழன்று மைக்கில் பட்டு, டொக் என்று முன்வரிசையில் விழ வேண்டும் என்பது என் யோசனை. அவ்வளவுதான். ஒரு வேடிக்கை. கழன்ற பல் முன்னாலும் வரும், பின்னாலும் போகும் என்று எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். பத்தொன்பது வருஷ சர்வீஸ்.

அண்ணாச்சி வந்து மாட்டிப் பார்த்தார். கண்ணாடியில் சிரித்தார். சாப்பிடும்போதும் தண்ணீர் குடிக்கும்போதும் கழற்றி வையுங்கள் என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அவர் அவசரத்தில் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான் முன்வரிசையில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். மடியில் வெள்ளைக் கைக்குட்டை விரித்து வைத்திருந்தேன். பல் விழுந்தால் சட்டென்று பொத்தி எடுத்துக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம். இதிலிருந்தே என் மனசு உங்களுக்குத் தெரிய வேண்டும். அண்ணாச்சி நாற்பது நிமிஷம் பேசினார். பற்பசை வெள்ளைக்காரன் சூழ்ச்சி என்றார். இயற்கைக்கு மாறானது எதுவும் தன் உடம்புக்குள் போனதில்லை என்றார். “இந்தா பாருங்க” என்று ஈயென்று காட்டினார். போட்டோக்காரர் எடுத்தார், கைதட்டல் எழுந்தது. தகடு அசையவில்லை. கொக்கி இல்லாமல், அண்ணத்தில் பிடிப்பு இல்லாமல், நாற்பது நிமிஷம். இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது, அந்த வேலை அப்படி அமைந்துவிட்டது.

பிறகு தண்ணீர் டம்ளரை எடுத்து அண்ணாந்து குடித்தார்.

எச்சில் படாமல் தூக்கிக் குடிக்கிறவர் அவர். தலை பின்னால் சாய்ந்தது. டம்ளரை வைத்தபோது கன்னத்தில் இடப்பக்கம் குழி விழுந்திருந்தது, அதை நான் பார்த்தேன். அந்த நிலையிலும் இன்னும் இரண்டு வாக்கியம் பேசினார். பாராட்ட வேண்டிய விஷயம். பிறகு மார்பைப் பிடித்துக்கொண்டு மேடைப் படியில் சரிந்தார். கிட்டுவின் தங்கை கொலுவுக்கு முதல் பரிசு என்பதை அந்தக் களேபரத்திலும் கிட்டு மறக்காமல் அறிவித்தார்.

பக்கத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். மறுநாள் காலையில் பிளாஸ்கில் காபி எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஒரு மிடறு விழுங்க முடியாமல் கிண்ணத்தில் துப்பிக்கொண்டிருந்தார். கட்டிலைச் சுற்றி மகன், மருமகள், கிட்டு, மாலையோடு மூன்று உறுப்பினர்கள். இளவயது டாக்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “நக்லி தாந்த் ஏதாவது வைத்திருந்தாரா?” என்று கேட்டார். பொய்ப்பல் உண்டா என்று.

“அப்பாவுக்கா? ஏக்தம் ஒரிஜினல், நூத்துக்கு நூறு, டாக்டர் சாப்” என்றார் மகன். “இந்த மூணும் படியில விழுந்தப்ப ஒடஞ்சிருக்கும்.”

கிட்டு வேப்பங்குச்சியைப் பற்றிச் சொன்னார். டாக்டர் அண்ணாச்சியையே கேட்டார். அண்ணாச்சி மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், மாலைக்காரர்களைப் பார்த்தார். இல்லை என்று தலையை ஆட்டினார். ஆட்டியது அவர், நான் இல்லை. இந்த இடத்தில் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், இரும்பு தெரியும். என் மாவும் அதே ஜாதியில் செய்த பல்லும் தெரியாது, பளிங்குத் தண்ணீர் மாதிரி. எஃகுக் கொக்கி இருந்திருந்தால் கோடு விழுந்திருக்கும். அதை எடுக்கச் சொன்னது யார் என்று மறுபடி சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஏதாவது சிக்கியிருக்கிறது என்று தெரிந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு எடுத்துவிடலாம், அரை மணி வேலை. ஒன்றும் தெரியவில்லையே” என்றார். ஊசி போட்டார்.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் நூற்று நாலு. குரல் முழுக்கப் போய்விட்டது. நான் பல் மெக்கானிக் என்று கிட்டு டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். டாக்டர் என் கையில் டார்ச்சைக் கொடுத்து, “நீங்கள் தினம் வாய் பார்க்கிறவர். இந்த இடைவெளி பழையதா, இப்போது உடைந்ததா?” என்று கேட்டார். என் அபிப்பிராயத்தை ஒரு டாக்டர் கேட்டது அதுதான் முதல் தடவை. என் டாக்டர் பத்தொன்பது வருஷத்தில் கேட்டதில்லை.

குனிந்து பார்த்தேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஆறிய ஈறு, வழுவழுவென்று இருந்தது. அண்ணாச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்போது உடைந்ததுதான் டாக்டர் சாப்” என்றேன்.

வேறு என்ன சொல்ல முடியும்? ஒரு வாடிக்கையாளருடைய வாய் ரகசியம். மகன் நிற்கிறார், மருமகள் நிற்கிறாள். அறுபத்தோரு வருஷம் கட்டிக் காப்பாற்றிய மரியாதை. அதை அந்த மனிதர் படுத்திருக்கும்போது நான் உடைப்பதா? அவர் என் வீட்டில் நடந்துகொண்ட மாதிரி எனக்கு நடந்துகொள்ளத் தெரியாது.

வியாழக்கிழமை காலையில் முடிந்துவிட்டது. நெஞ்சில் சீழ் பிடித்ததால் மரணம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்று மாலையே தகனம். அந்த மாவு எரிந்தால் சாம்பல்கூட மிஞ்சாது, ஆகவே அஸ்தியில் தேடாதீர்கள். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு ஆவுடையம்மாளிடம் அவர் பல்லைப் பற்றிச் சொன்னேன். இறந்துபோனவர் இனி வாடிக்கையாளர் இல்லை. மற்றதைச் சொல்லவில்லை. அவள் ஈரத் துண்டை வாங்கிக் கொடியில் போட்டாள். பிறகு, “அப்ப ஆறுமுகத்தாகிட்ட சொல்லட்டா?” என்றாள். பதினேழு நாளைக்கு அப்புறம் என்னிடம் பேசிய முதல் பேச்சு. சொல்லவேண்டாம் என்றேன். மலர் வெளிவரட்டும், பல்லைப் பற்றி அதில் ஒரு வரியும் வராவிட்டால் நாமும் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவர்கள் எழுதியதைத்தான் உங்களுக்குக் காட்டினேன்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. செவ்வாய்க்கிழமை டாக்டர் வருவதற்குக் கால் மணி முன்னால், மகன் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில், அண்ணாச்சி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். ஜுரத்தில் கை கொதித்தது. பென்சில் கேட்டார், கொடுத்தேன். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி என் கையில் திணித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அப்புறம்தான் டாக்டர் டார்ச்சோடு வந்தார். இந்தாருங்கள், அந்தச் சீட்டு. ஒரே ஒரு வார்த்தை. ‘சொல்லிரும்.’

யாரிடம் என்று எழுதவில்லை. எப்போது என்றும் எழுதவில்லை. பெரிய மனிதர் கேட்டுக்கொண்டார், இன்றைக்கு உங்களிடம் சொல்லிவிட்டேன்.